பத்து மணிக்குள் ஆடிவிட வேண்டும்

கோவாவுக்குப் போய்வந்தேன் என்று ஊரில் யாரிடம் சொன்னாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும். நண்பர்களோடு போயிருந்தால் அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்துவிடும். குடும்பத்தோடு போனோம் என்றால்தான் வம்பு. "அங்க குடும்பத்தோட என்னத்தப் பாக்கப் போனீங்க?" என்பார்கள். சாப்பிட்டோம், ஆடினோம் என்று சொன்னேன். சாப்பிட்டதை யாரும் கண்டுகொள்ளவில்லை, ஆடியதைப் பிடித்துக்கொண்டார்கள். சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் அது கொஞ்ச நாள் ஓடியது. பெரியவர்கள் இருக்கும் குழு என்பதால் அங்கே விளக்கமாகப் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

போனது நான், மனைவி, அவளுடைய அண்ணன், அவர் வீட்டம்மா. நாலு பேருமே தூத்துக்குடி. மீனைப் பற்றி எங்களிடம் யாரும் கதை விட முடியாது. ஆட்டம் பாட்டம் பற்றி என்றால் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவோம்.

கோவா கடற்கரை என்றதும் நம் ஆட்கள் இறங்குவது வடக்குப் பக்கம்: கலங்குட், பாகா, அஞ்சுனா. பாகாவில் 1971இல் டிட்டோ ஹென்றி டிசௌசா என்பவர் தொடங்கிய சின்னக் கடைதான் இன்றைய 'டிட்டோஸ்'. அது நிற்கும் தெருவுக்கே இப்போது அந்தப் பெயர்தான். ராத்திரி அந்தத் தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் நின்று கையைப் பிடித்து உள்ளே இழுக்காத குறையாகக் கூப்பிடுவார்கள். ஒருமுறை பார்க்கலாம். எனக்கு அது தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஸ்பீக்கர் கட்டியது போலத்தான் இருந்தது.

நாங்கள் தங்கியது தெற்கே, சால்செட் தாலுகாவில். மஜோர்டா, கோல்வா, பெனாலிம், வார்கா, காவெலோசிம் என்று ஊர்கள் மாறினாலும் மணல் மாறாது. இருபது கிலோமீட்டருக்கு மேல் ஒரே வெள்ளைக் கரை. கரையை ஒட்டித் தென்னை, அதன் பின்னால் வயல், வயலைத் தாண்டினால் வெள்ளையடித்த மாதா கோயில். அந்தக் கரை நெடுக, சீசனில், ஓலை வேய்ந்த சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக முளைத்திருக்கும். அங்கே 'ஷாக்' என்பார்கள். நான் ஓலைக்கடை என்றே எழுதுகிறேன்.

இந்த ஓலைக்கடையின் கதை தெரிந்தால்தான் அங்கே நடக்கும் ஆட்டம் புரியும். அது யாருக்கும் நிரந்தரச் சொத்து கிடையாது. கோவா சுற்றுலாத் துறை குலுக்கல் போட்டு, உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும், சீசன் கணக்கில் இடம் ஒதுக்குகிறது. கடலோர ஒழுங்குமுறைச் சட்டம் தலைக்கு மேல் நிற்பதால் சிமெண்ட் போட முடியாது, செங்கல் அடுக்க முடியாது. சவுக்குக் கழி, மூங்கில், பலகை, தென்னோலை, கயிறு, அவ்வளவுதான். அக்டோபரில் கட்டுவார்கள். மே முடிவதற்குள் பிரித்து எடுத்துவிட வேண்டும். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று வந்து அலை அடிக்கும்போது அங்கே வெறும் மணல்தான் இருக்க வேண்டும். மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலமும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரைதான். மீனும் இல்லை, கடையும் இல்லை, ஊரே கதவைச் சாத்திக்கொண்டு மழையைப் பார்க்கும். நம் பக்கம் தடைக்காலம் ஏப்ரல் பாதியில் தொடங்கி ஜூன் பாதியில் முடிந்துவிடும் என்பதால், மச்சானுக்கு இந்தக் கணக்கே வேடிக்கையாக இருந்தது. "இங்க இவங்க மூடும்போது நாம தொறக்கோம்" என்றார்.

சமையலறையில் நிற்பவர்களும் பரிமாறுகிறவர்களும் பெரும்பாலும் வெளியூர்ப் பையன்கள். நேபாளம், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று வருகிறார்கள். சீசன் முடிந்ததும் சிலர் இமாசலத்தில் மலை ஊர்களுக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள், அங்கே அப்போதுதான் சீசன் தொடங்கும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் உள்ளூர். பெரும்பாலும் அவர் குடும்பத்தில் யாராவது ஒருவர் வளைகுடாவிலோ கப்பலிலோ இருப்பார்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இந்தக் கடைகளின் மெனு அட்டையை நம்பாதீர்கள். பீட்சா, நூடுல்ஸ், ஹம்மஸ், பட்டர் சிக்கன், ரஷ்ய மொழியில் ஒரு பக்கம், எல்லாம் இருக்கும். யார் வந்தாலும் திருப்பி அனுப்பக் கூடாது என்று எழுதிய அட்டை அது. உள்ளூர்ச் சாப்பாடே காணாமல் போகிறது என்று புகார் வந்து, 2023இல் கடற்கரைக் கடைகளில் மீன்குழம்பும் சோறும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சுற்றுலா அமைச்சர் அறிவிக்க வேண்டியதாயிற்று. கோவாவில் மீன்குழம்பு சோற்றுக்குச் சட்டம் என்பது, மதுரையில் இட்லிக்கு அரசாணை போட்ட மாதிரிதான்.

அட்டையை மூடி வைத்துவிட்டு, "இன்றைக்கு என்ன வந்தது?" என்று கேளுங்கள். தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து காட்டுவார்கள். விலைப்பட்டியலில் மீனுக்கு நேரே 'ஏபிஎஸ்' என்று மட்டும் இருக்கும். மீனின் அளவைப் பார்த்து விலை என்று பொருள். அதனால் நெருப்பில் போடுமுன் விலையைப் பேசிவிடுங்கள். மனைவியும் மதினியும் அந்தத் தட்டின் முன்னால் நின்ற நிற்பு, தூத்துக்குடி ஏலக்கூடத்தில் நிற்பதுதான். செவுளைத் தூக்கிப் பார்த்தார்கள், வயிற்றை அமுக்கினார்கள். விஸ்வண் என்று தட்டைக் கொண்டுவந்த பையன் சொன்னது எங்கள் ஊர் சீலா, சென்னையில் வஞ்சிரம். சோணக் என்றது கொடுவா. முத்தோஷி என்றது கிழங்கான். பாங்டா என்றது அயிலை. மீன் பிடித்துப்போனதும், "எல பார்த்தியா, நம்ம கிழங்கான்" என்று மதினி பெயர் சூட்டிக்கொண்டே வந்தார்கள். பரிமாறிய நேபாளப் பையன் சிரித்துக்கொண்டே நின்றான்.

கிழங்கானை ரவையில் புரட்டிப் பொரித்துத் தரச் சொன்னோம். அயிலையை ரெஷாடோ மசாலாவில். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். காஷ்மீர் மிளகாய், பூண்டு, சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை எல்லாம் தண்ணீர் விடாமல் வினிகரில் அரைக்கிறார்கள். அந்த வினிகரும் கடையில் வாங்கும் வெள்ளை அமிலம் இல்லை. தென்னங்கள்ளைப் புளிக்கவிட்டு எடுத்தது. மீனை முதுகுப் பக்கம் இரண்டாகக் கீறி உள்ளே அந்தச் சிவப்புச் சாந்தை அடைத்து, வெளியிலும் பூசி, எண்ணெயில் அடங்கிய தீயில் வேகவிடுகிறார்கள். நம் புளிக்குழம்பின் புளிப்பு நாக்கின் நடுவில் உட்காரும். இந்தக் கள்ளு வினிகரின் புளிப்பு மூக்கு வழியாகப் போய்விட்டு அப்புறம் வாய்க்கு வரும். போர்த்துக்கீசியர் கொண்டுவந்த ஊறவைக்கும் பழக்கம், அவர்கள் கொண்டுவந்த மிளகாய், நம் பக்கத்து மிளகு, தென்னைமரத்துக் கள், எல்லாம் ஒரு அயிலையின் வயிற்றுக்குள் கிடக்கிறது. மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா மீன மறைச்சிருது" என்றாள். சரிதான். பழைய மீனையும் இந்த மசாலாவில் விற்றுவிடலாம் என்பதை அவள் சொல்லாமல் சொன்னாள். ரவையில் பொரித்த கிழங்கானில் ஒளிக்க ஒன்றும் இல்லை, அதுதான் அன்றைக்கு முதலில் தீர்ந்தது.

தொட்டுக்கொள்ள 'பொய்' என்ற ரொட்டி. தவிடு ஒட்டிய, நடுவில் காற்றடைத்த கோதுமை ரொட்டி. காலையும் மாலையும் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வீடு வீடாக வருகிறது. கடைக்காரர்களும் அந்தச் சைக்கிளில்தான் வாங்குகிறார்கள்.

குடிப்பதைப் பற்றிச் சுருக்கமாக. கோவாவில் சாராய வரி குறைவு, விலை குறைவு, நம் ஆட்கள் அங்கே நிலை தடுமாறுவதற்குப் பாதிக் காரணம் அதுதான். ஃபெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. முந்திரிப் பழத்தை மிதித்துச் சாறெடுத்து, புளிக்கவைத்து, பட்டியில் காய்ச்சுகிறார்கள். முதல் வடிப்பு உர்ராக், அதை மேலும் காய்ச்சினால் ஃபெனி. உர்ராக் பங்குனி, சித்திரையில் மட்டும்தான் கிடைக்கும். எலுமிச்சைச் சோடா ஊற்றி, ஒரு பச்சை மிளகாயைக் கீறிப் போட்டு, விளிம்பில் உப்புத் தடவித் தருவார்கள். முந்திரி மரத்தை பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தார்கள். அதே மரம் பண்ருட்டியிலும் காடு காடாக நிற்கிறது. அங்கே கொட்டையைத் திருகிக்கொண்டு பழத்தைப் பெரும்பாலும் தரையில் விட்டுவிடுகிறோம். ஃபெனியின் வாடை பழக வேண்டிய வாடை. மச்சான் மோந்து பார்த்துவிட்டு பீர் சொல்லிவிட்டார். பெண்கள் இருவரும் கோகம் சர்பத். இன்னொன்று: கடைக்குள் உட்கார்ந்து குடிக்கலாம். கண்ணாடிக் கோப்பையோடு மணலில் இறங்கி உட்கார்ந்தால் குற்றம். 2019இல் திருத்திய சட்டப்படி திறந்த வெளியில் குடிப்பவருக்கு அபராதம் உண்டு. பாட்டில் உடைந்து கிடந்த கரைகளை நினைத்தால் அந்தச் சட்டத்தின் மேல் கோபம் வராது.

ஆட்டத்துக்கு வந்துவிட்டேன்.

அது ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஆறரை வாக்கில் ஒரு நடுத்தர வயதுக்காரர் கீபோர்டையும் இரண்டு ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு வந்து ஓரமாகப் பொருத்தினார். அங்கே இது வழக்கம், ஒற்றை ஆள்தான் முழு இசைக்குழு. தாளம் மெஷினில் ஓடும், இவர் கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடுவார். அவருக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கக்கூடிய அளவுக்குப் பலகை பரப்பியிருந்தது. மணலில் காலைச் சுழற்ற முடியாது, சிமெண்ட் தளம் போட அனுமதி இல்லை, ஆகவே பலகை. அதைத் தாண்டி ஒரு அலங்காரமும் கிடையாது. பல வண்ண விளக்கு சுற்றவில்லை, புகை வரவில்லை. சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவில் இன்னொரு மேசை போட இருந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

மேசைகளில் பாதி உள்ளூர்க் குடும்பங்கள். மத்தியானம் சாப்பிட வந்து எழுந்து போகாதவர்கள், கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர்கள். பூப்போட்ட கவுன் அணிந்த பாட்டிகள், இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையில் தாத்தாக்கள், பிள்ளைகள். முதலில் பழைய ஆங்கிலப் பாட்டு ஒன்று மெதுவாக ஆரம்பித்தது. எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் கையில் இருந்த முள்கரண்டியைத் தட்டில் வைத்தார், வாயைத் துடைத்தார், எழுந்து மனைவிக்குக் கை நீட்டினார். இருவரும் அந்தப் பலகையில் வால்ட்ஸ் ஆடினார்கள். யாரும் கைதட்டவில்லை. யாரும் செல்போனைத் தூக்கவில்லை, எங்கள் மேசையைத் தவிர. மதினிதான் எடுத்தார்கள். பாட்டு முடிந்ததும் அவர்கள் வந்து உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து சாப்பிட்டார்கள்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தது இதைத்தான். ஆடுவதற்கு என்று ஒரு மனநிலையை அவர்கள் ஏற்றிக்கொள்ளவில்லை. குடித்து ஏற்றிக்கொள்ளவும் இல்லை. ஆடியவர்கள் மேசையில் ஒரு கோப்பை இருந்தால் அது கடைசிவரை அரைக் கோப்பையாகவே இருந்தது. பாட்டில்களைக் காலி செய்துகொண்டிருந்த மேசைகள், நம்மைப் போல வெளியூரிலிருந்து வந்த ஆண்களின் மேசைகள், அவற்றிலிருந்து ராத்திரி முழுக்க ஒருவரும் எழவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆடும் பெண்களைத்தான் பார்த்தார்கள் என்பதையும் எழுதிவிட வேண்டும். அதில் ஒரு மேசையில் தமிழ் கேட்டது. எனக்கு அந்தப் பக்கம் திரும்பவே கூச்சமாக இருந்தது.

ஏன் அவர்களுக்கு வருகிறது, நமக்கு வரவில்லை? போர்த்துக்கீசியர் ஆண்டார்கள், அதனால் வெள்ளைக்காரப் பழக்கம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் எங்கள் தூத்துக்குடிக்கும் அதே போர்த்துக்கீசியர்தான் வந்தார்கள். 1530களிலேயே முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். சவேரியார் 1542இல் அந்தக் கரைக்கு வந்தார். அவர் உடல் இருப்பது பழைய கோவாவில். பர்னாந்து, ரொட்ரிகோ எல்லாம் எங்கள் தெருவிலும் உண்டு. பனிமய மாதா திருவிழாவில் பேண்டு வாத்தியம் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே யாரும் மனைவிக்குக் கை நீட்டி நான் பார்த்ததில்லை.

கோவாவில் நடந்த வேறொன்று, கோயிலை ஒட்டிய பள்ளிகள். பங்குப் பள்ளிகளில் பையன்களுக்கு எழுத்தோடு சேர்த்து மேற்கத்திய ஸ்வரக் குறிப்பு வாசிக்கவும் வயலின் பிடிக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். பூசைக்குப் பாடகர் வேண்டும் என்பதுதான் நோக்கம். தலைமுறை தலைமுறையாக அது நடந்ததில், குறிப்பைப் பார்த்து வாசிக்கத் தெரிந்த ஆட்கள் ஊருக்கு ஊர் உருவாகிவிட்டார்கள். பம்பாய் சினிமாவின் இசைக்குழுக்களில் கோவாக்காரர்கள் நிறைந்திருந்தது இப்படித்தான். மஜோர்டாவில் பிறந்த அந்தோனி கன்சால்வஸ், இசையமைப்பாளர் பியாரேலாலுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தவர். 'அமர் அக்பர் அந்தோனி' (1977) படத்தில் அமிதாப் பச்சனின் பாத்திரத்துக்கு அந்தப் பெயர் வந்தது குருவுக்குச் செய்த மரியாதை. நாங்கள் உட்கார்ந்திருந்த கரையில் வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் அவர் ஊர்.

வீடுகளில் இன்னொன்று நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோவாவின் பெரிய வீடுகளில் மாண்டோ என்ற பாட்டும் ஆட்டமும் வளர்ந்தன. கொங்கணிச் சொல், மெதுவான நடை, ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர் வரிசை, பெண்கள் கையில் விசிறி. அதன் பின்னால் வேகம் கூடிய துல்போட் வரும். தேக்ணி என்று இன்னொன்று, ராஜ் கபூரின் 'பாபி' (1973) படத்தில் வரும் கோவா பாணிப் பாட்டு அதிலிருந்து எடுத்ததுதான். ஆக, ஆட்டம் அங்கே கூடத்துக்குள் இருந்தது. கல்யாணம் என்றால் மாப்பிள்ளை பெண் மட்டுமல்ல, மாமியார், சித்தப்பா, எட்டு வயதுப் பையன் எல்லோரும் தளத்தில் இறங்கியாக வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பவரைத்தான் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள்.

நமக்கும் ஆட்டம் இல்லாமல் இல்லை. கும்மி உண்டு, கோலாட்டம் உண்டு. சாமி ஊர்வலத்திலும் சாவு ஊர்வலத்திலும் நம் ஆண்கள் ஆடுகிற ஆட்டத்துக்கு உலகத்தில் எந்தக் கடற்கரையும் ஈடு கிடையாது. ஆனால் அது தெருவில், பறை அடிக்கும்போது, ஆண்கள் ஆடுவது. பெண்கள் ஆடுவது தனி, அதுவும் சின்ன வயதோடு நின்றுவிடும். சாப்பிடுகிற இடத்தில், கட்டிய மனைவியோடு, நாலு பேர் பார்க்க ஆடுவது என்பது நமக்கு எங்குமே இல்லை. போதாததற்கு நம் சினிமா. மேசை, கண்ணாடிக் கோப்பை, மேடையில் ஆட்டம், இந்த மூன்றும் ஒரே இடத்தில் வந்தால் அது வில்லன் இருக்கும் இடம் என்று இருபது முப்பது வருடம் காட்டிப் பழக்கிவிட்டார்கள். ஜோதிலட்சுமியும் ஜெயமாலினியும் சில்க் ஸ்மிதாவும் ஆடுவார்கள், கதாநாயகி அந்தப் பக்கம் வரவே மாட்டாள், வந்தால் கடத்தப்பட்டிருப்பாள். வாட்ஸப் குழுவில் வந்த சிரிப்பு முக்காலும் அந்தப் படங்களில் கற்றது என்றே நினைக்கிறேன்.

எட்டு மணிக்குப் பாடகர் கொங்கணிக்கு மாறினார். கிறிஸ் பெர்ரி இசையமைத்து லோர்னா பாடிய பாட்டுகள் என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னார். லோர்னா அறுபது, எழுபதுகளின் குரல். டிரம்பெட் வாசித்த கிறிஸ் பெர்ரியோடு சேர்ந்து அவர் பாடியவை இன்றைக்கும் கோவாவின் கல்யாணங்களில் ஓடுகின்றன. பிறகு இரண்டு பத்தாண்டுக்கு மேல் மேடையே ஏறாமல் இருந்து, 1995இல் திரும்பி வந்தார். அவர்கள் இருவர் கதையை ஒட்டி எடுத்த 'நாச்சோயா கும்ப்பாசார்' என்ற கொங்கணிப் படம் 2015இல் தேசிய விருது வாங்கியது. மொழி புரியாவிட்டாலும் பாருங்கள், அந்தக் காலத்து ஆட்டக்கூடம் எப்படி இருந்தது என்று தெரியும்.

கொங்கணிப் பாட்டு வந்ததும் பலகை நிறைந்துவிட்டது, ஆட்கள் மணலுக்கு வழிந்தார்கள். இப்போது ஜோடி கணக்கெல்லாம் இல்லை. பாட்டி பேரனோடு, இரண்டு பெண்கள் கைகோத்து, சமையல்காரர் ஒருவர் ஏப்ரனோடு. பக்கத்து மேசையில் இருந்த அம்மாள், அறுபதைத் தாண்டியவர், என் மனைவி விரலால் மேசையில் தாளம் போடுவதைப் பார்த்துவிட்டார். எழுந்து வந்து எந்த ஊர் என்று ஆங்கிலத்தில் கேட்டார். தமிழ்நாடு என்றோம். "வேளாங்கண்ணி!" என்றார், ஏதோ எங்கள் வீட்டு விலாசத்தைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில். வாஸ்கோவிலிருந்து வேளாங்கண்ணிக்கு நேர் ரயிலே ஓடுகிறது, கோவாவிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். நடந்து முட்டி போட்டு வேண்டிக்கொண்டதையும், மகளுக்குக் குழந்தை பிறந்ததையும், அங்கே சாப்பிட்ட மீன் பொரியலில் காரம் அதிகம் என்பதையும் ஒரே மூச்சில் சொன்னார். சொல்லிக்கொண்டே என் மனைவியின் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். வேளாங்கண்ணி மாதாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஒருவரிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மனைவி போய்விட்டாள். போகும்போது மதினியையும் இழுத்துக்கொண்டு போனாள்.

மதினிக்குப் பயம். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார்கள். அந்த அம்மாள் இருவருக்கும் நடுவில் நின்று காலடி சொல்லிக்கொடுத்தார்: வலது, வலது, இடது, ஒரு தட்டு. மூன்றாவது சுற்றில் மதினி காலடியை விட்டுவிட்டு, கை தட்டிக் குனிந்து நிமிர்ந்து கும்மிக்குப் போய்விட்டார்கள். தாளத்துக்கு அது அப்படியே பொருந்தியது. அந்த அம்மாள் தன் காலடியை விட்டுவிட்டு மதினியைப் பார்த்து கும்மி அடிக்கத் தொடங்கினார். பின்னால் நின்ற இரண்டு சிறுமிகளும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மச்சான், வாரீங்களா?" என்றேன்.

"நீங்க போங்க மாப்ள. நான் பையப் பாத்துக்கிடுதேன்."

பையில் இருந்தது இரண்டு துண்டும் ஒரு தண்ணீர் பாட்டிலும்.

நான் போனேன். ஆடினேன் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். பாட்டுக்கு ஒத்து நகர்ந்தேன். அடுத்து ஒரு மெதுவான பாட்டு வந்தது. சுற்றி எல்லோரும் ஜோடியாகிவிட்டார்கள், நாங்கள் இருவரும் நடுவில் சும்மா நிற்பதுதான் வித்தியாசமாகத் தெரியும் என்ற நிலை. மனைவி, "கையக் குடுங்க, நிக்காதீங்க" என்றாள். இத்தனை வருடக் கல்யாணத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பொது இடத்தில் ஒரு பாட்டு நேரம் நின்றது அதுதான் முதல் தடவை. கல்யாணத்தன்று அக்கினியைச் சுற்றும்போது பிடித்தது சுண்டுவிரல் மட்டும். மதினி எடுத்த வீடியோ அதுதான், குழுவில் போனதும் அதுதான்.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பாடகர் கடைசிப் பாட்டு என்று சொல்லிவிட்டார். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள்படி இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா போன்றவற்றுக்கு வருடத்தில் பதினைந்து நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். வடக்கே இந்த விதி எப்போதும் வழக்கில்தான் இருக்கிறது. அஞ்சுனா, வகாத்தோர் பக்கம் ராத்திரி முழுக்கத் தூங்க முடியவில்லை என்று ஊர்க்காரர்கள் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வுவரை போயிருக்கிறார்கள். நான் ஊர்க்காரர்கள் பக்கம். நமக்கு ஒரு ராத்திரிக் கொண்டாட்டம், அவர்களுக்கு வருடம் முழுக்க அதே டம் டம்.

தென்கோடியில் பாலோலெம் கரையில் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒலிபெருக்கிக்குத்தானே தடை? ஆளுக்கு ஒரு ஹெட்போன். உள்ளே பாட்டு, வெளியே அலைச்சத்தம். ஒன்றுக்கு மேற்பட்ட அலைவரிசைகள், எதைக் கேட்கிறார்கள் என்பதற்கு ஏற்ப ஹெட்போனில் நிற விளக்கு. காதில் மாட்டாமல் வெளியிலிருந்து பார்த்தால் நூற்றுக்கணக்கான பேர் நிசப்தத்தில் குதிப்பது தெரியும், பேய் பிடித்ததோ என்று தோன்றும். நாங்கள் அங்கே ஆடவில்லை. எனக்கு அது ஆட்டமாகவே படவில்லை. பக்கத்தில் ஆடுபவருக்கு வேறு பாட்டு ஓடுகிறதென்றால் அந்த அம்மாள் எப்படி மதினிக்குக் காலடி சொல்லிக்கொடுத்திருப்பார்? இளைஞர்களுக்குப் பிடிக்கலாம்.

அகோண்டா, கல்ஜிபாகா, வடக்கே மோர்ஜிம் ஆகிய கரைகளில் பாட்டையே எதிர்பார்க்காதீர்கள். பங்குனி ஆமை என்று நம் பக்கம் சொல்கிறோமே, அந்தச் சிற்றாமைகள் முட்டையிட வரும் கரைகள் அவை. சத்தமும் வெளிச்சமும் அங்கே கட்டுப்பாட்டில் இருக்கும். சாப்பாடு நன்றாக இருக்கும்.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள். டிசம்பர் கடைசி வாரத்தைத் தவிருங்கள், விலை மும்மடங்கு, கூட்டம் அதற்கும் மேல். உர்ராக் குடித்துப் பார்க்க வேண்டும் என்றால் ஏப்ரல், ஆனால் வெயிலும் அதுவும் சேர்ந்தால் படுக்கைதான். மாலை ஆறு மணிக்குக் கரையோரமாக ஒரு நடை நடந்து, எந்தக் கடையில் பாட்டிகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஞாயிறு என்றால் நிச்சயம் ஒரு கடையில் இருப்பார்கள். அங்கே உட்காருங்கள். மீனின் விலையைப் பேசிவிட்டு, ஏழு மணிக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். வயிறு நிறைந்தவுடன் ஆட முடியாது, அரை மணி நேரம் வேண்டும். சேலை கட்டியவர்கள் செருப்பைக் கழற்றிவிடுங்கள். பலகைக்கும் மணலுக்கும் நடுவே ஒரு படி இருக்கும், மதினி அதில்தான் கால் இடறினார்கள். பையைப் பார்த்துக்கொள்ள மச்சான் இல்லையென்றால் கல்லாவில் கொடுத்துவிடலாம், வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.